மெத்தை நகராது

மஞ்சக்குப்பம், கடலூர்
6-7-2008

அன்புள்ள ஜோதிக்கு,

இன்று காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகப் பள்ளி மைதானத்துக்குப் போய் ஆட்டுப்புழுக்கையைக் கூட்டித் தள்ளினேன். பல் விளக்கியதே அதற்குப் பிறகுதான். வேலிக்குள் நுழைகிற ஆடுகளுக்கு அவ்வளவு பெரிய மைதானத்தில் வேறு இடமே கிடைப்பதில்லை. சரியாகப் பந்து வீசுகிற வட்டத்துக்குள் வந்துதான் படுக்கின்றன. வட்டத்துக்கு மறுபடி சுண்ணாம்புப் பொடி போட்டு நிமிர்ந்தபோது உன் மகள் தலைகூடப் பின்னாமல் வந்து நின்றாள்.

"பெரிம்மா, இன்னிக்காவது மொதல்லேந்தே ஃபுல்லா சுத்தி வுடறேன்."

"மொதல்ல மணிக்கட்டு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆகவே தீபிகா நலமாகத்தான் இருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? சேரனுக்கு இருமல் நின்றதா?

தபாலாபீசில் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இன்னமும் கவர் வாங்கி ஒட்டுவது நான் ஒருத்திதானாம். போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? எழுதும்போது கோபம் பாதி வரியிலேயே ஆறிவிடுகிறது.

நீ சேரனை வயிற்றில் வைத்துக்கொண்டு படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது ஒரு வருஷத்துக்கு என்று இங்கே வந்தவள் தீபிகா. மூன்று வருஷம் ஆகிவிட்டது. அடுத்த ஜூனில் பத்தாவது. அவளை அங்கே கூப்பிட்டுக்கொள்ளப் போவதாக நீ போனில் சொன்னது மனதில் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சாஃப்ட்பால் என்றால் கிரிக்கெட் மாதிரியா என்று நீ ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். இல்லை. பந்தைத் தலைக்கு மேலிருந்து எறியக் கூடாது. கையை முழுச் சக்கரமாகச் சுற்றி, இடுப்பை உரசுகிற இடத்தில் மணிக்கட்டைச் சொடுக்கிக் கீழிருந்து விட வேண்டும். மட்டை பிடித்திருப்பவளின் முட்டிக்கு மேலே, அக்குளுக்குக் கீழே, தரையில் இருக்கிற பிளேட்டின் அகலத்துக்குள் பந்து வர வேண்டும். தப்பினால் அம்பயர் 'பால்' என்பார். நாலு 'பால்' ஆனால் அவள் மட்டையைப் போட்டுவிட்டுச் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போய்விடலாம். அதனால் வீசுகிறவளுக்கு வேகமும் வேண்டும், குறியும் வேண்டும். இரண்டும் ஒரே கையில் அமைவது அபூர்வம். உன் மகள் கையில் அது இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியம்மா என்பதற்காகச் சொல்லவில்லை. இருபது வருஷமாக விளையாட்டு டீச்சராக எத்தனையோ பெண்களின் கையைப் பார்த்துவிட்டேன்.

காலையில் அவளுக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பிடிப்பது நான்தான். கல்லூரியில் மங்கலத்தைத் தாண்டி ஒரு பந்து போகாது என்று பெயர் வாங்கியவள் ஆயிற்றே. இன்று ஐம்பது பந்து போட்டாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அவளை இன்னும் ஒரு வருஷம் என்னிடம் விடு.

சேரனுக்கு இரண்டு வேளை வெந்நீர் கொடு.

உன் அக்கா,
மங்கலம்


அண்ணாமலை நகர்
21-7-2008

அன்புள்ள அக்காவுக்கு,

சேரனுக்கு இருமல் நின்று சளி ஆரம்பித்திருக்கிறது. மற்றபடி நலம். உன் முட்டி வலி தேவலையா? நாற்பத்து நாலு வயதில் குத்துக்கால் போட்டு ஐம்பது பந்து பிடிக்கிறாயே, கேட்டால் எனக்கு வலிக்கிறது.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். பத்தாவது என்பது விளையாட்டு இல்லை, மகள் வீட்டில் இருந்து படிக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். நான் என்ன சொல்ல? நீ இவ்வளவு தூரம் எழுதுவதால் ஒரு வழி சொன்னார். பொங்கலுக்குப் பிறகு மண்டல அணிக்கு ஆள் எடுப்பார்கள் என்று போனில் சொன்னாயே, அதில் அவள் பெயர் வந்தால் பத்தாவதும் உன்னிடமே படிக்கட்டும். வராவிட்டால் ஜூனில் பெட்டியோடு இங்கே வந்துவிட வேண்டும். பிறகு பந்து கிந்து என்று பேச்சு எடுக்கக் கூடாது. இது அவர் வார்த்தை.

நேற்றுச் சேரனிடம் பக்கத்து வீட்டம்மா, "ஒனக்கு அக்கா இருக்குதாடா?" என்று கேட்டார்கள். "இருக்குது. போட்டோல" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

ஜோதிலட்சுமி


மஞ்சக்குப்பம்
31-8-2008

அன்புள்ள ஜோதிக்கு,

மாப்பிள்ளையின் நிபந்தனைக்குச் சம்மதம். தீபிகாவிடமும் சொல்லிவிட்டேன். "பேரு வரும் பெரிம்மா, எழுதி வெச்சிக்குங்க" என்றாள். சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் எங்கள் மைதானத்திலேயே ஒரு போட்டி நடந்தது. உங்கள் சிதம்பரத்திலிருந்து வந்த பள்ளியிடம் தோற்றோம். தீபிகா நன்றாகத்தான் வீசினாள். பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சராக உட்கார்ந்த கொளஞ்சிக்குக் கை மந்தம். காலையில் என்னிடம் ஒழுங்காக வந்து விழுகிற அதே பந்து அவளிடம் போனால் பின்வேலியில் போய் இடிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணை வைதேன். "நான் கிளவ்வ காட்டுற எடத்துக்கு வர மாட்டேங்குது டீச்சர், நான் இன்னா பண்றது?" என்று அழுதாள். சாக்குச் சொல்வதற்கு மட்டும் யாருக்கும் கை மந்தமில்லை.

சிதம்பரத்துப் பயிற்சியாளர் பிரிசில்லா என்று ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். போகும்போது கிண்டலாக ஏதோ சொன்னாள். அதை எழுதிக் காகிதத்தைக் கெடுக்க மாட்டேன்.

இனிமேல் ஒரு மாற்றம். வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் குறி நிற்கட்டும், வேகம் பின்னால் தானாக வரும். தீபிகாவுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமில்லை. ஜனவரிக்கு நாள் இருக்கிறது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மங்கலம்


அண்ணாமலை நகர்
12-9-2008

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை செய்தேன். சேரன் பூரணத்தை மட்டும் தோண்டித் தின்றுவிட்டுக் கூட்டை எல்லாம் அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

நீ எழுதாத கிண்டலைத் தீபிகா போனில் சொல்லிவிட்டாள். "மங்கலம் டீச்சர், ஒங்க பொண்ணுக்கு எவ்ளோ பெரிய மனசு! எங்க புள்ளைங்க வெயில்ல ஓட வேணாம்னு நடக்கவே வுட்டுச்சே!" என்றாளாம். நம் பெண் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாதியில் போனை வைத்துவிட்டாள். சும்மா நடந்து போனவர்கள் மட்டும் பதினோரு பேராமே? நீ அதை எழுதவில்லை.

இன்னொன்று. உன் எழுத்து முத்து முத்தாக இருக்கும். போன கடிதத்தில் வரி எல்லாம் வாய்க்கால் மாதிரி சரிந்து போகிறது. கைக்கு என்ன?

ஜோதி


மஞ்சக்குப்பம்
2-10-2008

அன்புள்ள ஜோதிக்கு,

நலம். இங்கே சாயங்காலமானால் கடல் பக்கம் மின்னுகிறது. மழை சீக்கிரம் ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது. உங்கள் குவார்ட்டர்ஸ் மாடி ஒழுகுவதை மாப்பிள்ளை சொல்லிச் சரிசெய்தாரா?

பதினோரு பேர் என்பது உண்மைதான். போட்டி என்றால் சின்னப் பெண்களுக்குப் பதற்றம் இருக்கும். அதைப் போக்கத்தான் இத்தனை பாடும். வட்டத்திலிருந்து பிளேட்டை நோக்கி ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். எட்டி வைக்கிற இடது கால் அந்தக் கோட்டின் மேல் விழ வேண்டும். கால் விலகினால் இடுப்பு விலகும், இடுப்பு விலகினால் பந்து விலகும். தினமும் காலையில் பந்தே இல்லாமல் கோட்டின் மேல் கால் வைக்க மட்டும் பழக்குகிறேன். அதற்குப் பிறகு மெதுவாகப் பந்து. இப்போது என்னிடம் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக விழுகிறது.

அவளுக்கு வாய் நீளம். "இவ்ளோ மெதுவா வுட்டா, பந்து மேல போட்டிருக்கிற கம்பெனி பேரப் படிச்சிப் பாத்துட்டு அடிப்பாங்க பெரிம்மா" என்கிறாள். படிக்கட்டும் என்றேன். மெதுவாக விட்டாலும் குறிக்குள் விட்டால் யாரும் சும்மா நடந்து போக முடியாது அல்லவா?

கொளஞ்சியைக் கேட்சர் இடத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு அவளை வெள்ளிக்கிழமையே பஸ் ஏற்றி அனுப்புகிறேன். பையில் இரண்டு பந்து இருக்கும். கை மறந்துவிடக் கூடாது. எங்கேயாவது சுவரில் ஒரு குறி போட்டுக் கொடு, எறியட்டும். நெத்திலிக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். அதைப் பந்தோடு சேர்த்து வைக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், கேட்கமாட்டாள்.

மங்கலம்


அண்ணாமலை நகர்
1-11-2008

அன்புள்ள அக்காவுக்கு,

தீபிகா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். பந்தில் கருவாட்டு வாசனை போயிற்றா?

இந்தத் தீபாவளியை இந்த வரிசையில் யாரும் மறக்க மாட்டார்கள். நீ சொன்னபடி பின்பக்கச் சுவரில் கரிக்கட்டியால் குறி போட்டுக் கொடுத்தேன். முதல் பந்திலேயே காரை பெயர்ந்து விழுந்தது. அவர், "இது கவர்மென்ட் செவுரு இல்லடி, யூனிவர்சிட்டி செவுரு. பிடித்தம் பண்ணிடுவாங்க" என்று கத்தினார். அதனால் சேரன் மூன்று வருஷமாக நனைத்து நனைத்துக் கெடுத்து வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையைச் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் நடுவே முட்டியிலிருந்து அக்குள் உயரத்துக்குச் சாக்பீசால் ஒரு கட்டம். நீ சொல்லிக் கொடுத்த அளவுதான்.

பத்துப் பந்து போட்டாள். மூன்றுதான் கட்டத்தில் பட்டது. ஒன்று பக்கத்து வீட்டு வைத்திலிங்கம் சார் காயப்போட்டிருந்த பனியனைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. "அம்மாடி, தீவாளிக்கு ராக்கெட்டு வுடுவாங்க, நீ பனியன் வுடறியா?" என்று அவர் கேட்க, இவள் வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டாள்.

மறுபடி வந்து போட்டாள். மறுபடியும் மூன்றோ நாலோதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பெரிம்மாகிட்ட போட்டா எல்லாமே உள்ள வுழுதும்மா. இதுல மட்டும் ஏன் வுழல?"

"எப்படிடீ வுழும்? ஒங்க பெரிம்மா மாதிரி மெத்தை எழுந்து வந்து புடிக்குமா? மெத்தை நகராதுடீ."

சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு கோபம் வந்து, நீ வேண்டாம் என்றாயாமே, அந்த முழுச் சுற்றுச் சுற்றி எறிந்தாள். மெத்தையில் விழுந்த சத்தத்துக்கு எதிர் வரிசையில் அணுகுண்டு வெடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அதிலும் கட்டத்தில் பட்டது மூன்றுதான். மெதுவாகப் போட்டாலும் மூன்று, வேகமாகப் போட்டாலும் மூன்று என்றால் மெதுவாகப் போடுவதில் என்ன லாபம் அக்கா? நான் விவரம் தெரியாதவள், தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உன் வலது கை மோதிர விரல் வீங்கி மடங்காமல் இருக்கிறதாம். நீ சொல்லாவிட்டாலும் சொல்வதற்கு ஆள் இருக்கிறது. டாக்டரிடம் போ.

ஜோதி


அண்ணாமலை நகர்
5-12-2008

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மழைக்கு முன்பே பதில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிறகு புயல் மழையில் லைன் எல்லாம் போய்விட்டது. மஞ்சக்குப்பத்தில் இடுப்பளவு தண்ணீர் என்று டிவியில் காட்டினார்கள். பள்ளி ஆபீசுக்கு ஒரு முறை போன் கிடைத்து, தீபிகா "நல்லா இருக்கோம்மா" என்று சொன்னதோடு கட்டாகிவிட்டது. 'இருக்கோம்' என்றாள், அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

மெத்தை விஷயம் எழுதியது தப்பு என்றால் சொல். கோபமாகவாவது எழுது.

ஜோதி


மஞ்சக்குப்பம்
16-12-2008

அன்புள்ள ஜோதிக்கு,

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். தெருவில்தான் தண்ணீர் ஓடியது, நம் வீட்டுப் படியோடு நின்றுவிட்டது. கடலோரச் சோனாங்குப்பத்திலிருந்து சடையப்பன் மாமா பார்க்க வந்தார். "என்ன மங்கலம், கடல வுட்டுட்டு ஊருக்குள்ள வந்தீங்க, அது பின்னாலயே வந்துடுச்சே!" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். மைதானம் பத்து நாள் ஏரியாகக் கிடந்தது.

உன் தீபாவளிக் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பதில் எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் மெத்தையைக் கட்டி வைத்து என் இரண்டு வருஷ உழைப்பை அளக்கிறாளே என்று இருந்தது. பிறகு மழை வந்து எழுதாமல் இருக்க ஒரு காரணமும் கொடுத்தது.

தண்ணீர் வடிந்த அன்று பிளேட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் செங்கல்லை அடுக்கி, இடுக்கில் என் கையுறையைச் செருகி வைத்தேன். கொளஞ்சியைக் கூப்பிட்டுப் பின்னால் நிற்கச் சொன்னேன். நான் பக்கவாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தீபிகா பத்துப் பந்து போட்டாள். இரண்டு கையுறைக்குள் விழுந்தது. ஒன்று ஸ்டூலைச் சாய்த்தது. மற்றவை எங்கெங்கோ போயின.

பிறகு எப்போதும் போல நானே உட்கார்ந்தேன். பத்தும் கையுறைக்குள்தான். பின்னால் நின்ற கொளஞ்சியிடம், "என் கையப் பாத்தியா?" என்று கேட்டேன். அவள் தயங்கினாள். சொல்லு, திட்ட மாட்டேன் என்றேன்.

"பந்து அவ கையிலேந்து கெளம்புறப்பவே ஒங்க கிளவ்வும் கெளம்பிடுது டீச்சர். காட்டுன எடத்துல நிக்கறதே இல்ல. அன்னிக்கே சொன்னேன், நீங்கதான்..."

"சொன்ன. நான்தான் கேக்கல. நாளையிலேந்து நீயே உக்காரு."

என்னைத் தாண்டி ஒரு பந்து போகாது என்கிற பெருமை இருக்கிறதே, அதைத்தான் இவ்வளவு நாளும் அவளுடைய குறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பந்து போகிற இடத்துக்கெல்லாம் என் கை போய்ப் பிடித்திருக்கிறது. எங்கே போட்டாலும் 'பட்' என்று ஒரே சத்தம் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆகஸ்டில் அப்படி ஒரு பந்துக்கு எட்டிப் பாய்ந்தபோதுதான் விரல் முறிந்தது. ஆமாம், முறிந்தது. கட்டுப் போட்டுப் பிரித்தாயிற்று, சரியாக மடங்காது என்கிறார்கள். எழுத முடிகிறது, போதும்.

உன் கேள்விக்குப் பதில்: மெதுவாகப் போடுவதில் ஒரு லாபமும் இல்லை. கை மெதுவாகச் சுற்றினால் பந்து கையை விட்டுப் போகிற இடமே மாறிவிடுகிறது. அது வேறு வீச்சு. அதைப் பழகிக்கொண்டு வேகமான வீச்சுக்குக் குறி வரும் என்று எதிர்பார்த்தது என் தப்பு. இப்போது முழுச் சுற்று, முழு வேகம், நகராத குறி. வேலியில் பழைய ஜமுக்காளத்தைக் கட்டிக் கட்டம் போட்டிருக்கிறோம். பந்து எங்கே பட்டது என்று அவளே சத்தமாகச் சொல்ல வேண்டும். "மேல!" "வெளிய!" "மேல!" என்று கத்துகிறாள், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நேற்றுப் பத்தில் நாலு. போன வாரம் இரண்டு. தேர்வுக்கு ஒரு மாதத்துக்குமேல் இருக்கிறது. விடமாட்டேன்.

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடாதே.

மங்கலம்


அண்ணாமலை நகர்
27-1-2009

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டலத் தேர்வுக்கு நெய்வேலி போய்விட்டு வந்ததிலிருந்து எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்து இன்றுதான் உட்கார முடிந்தது. உன் விரல் எப்படி இருக்கிறது? அன்றைக்கு உன்னிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. பெயர்ப் பட்டியலைப் படித்ததும் நீ தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல அந்தப் பக்கம் போய்விட்டாய். நானும் வரவில்லை.

அவள் பெயர் இல்லை. வார்த்தைப்படி பார்த்தால் ஜூனில் அவள் இங்கே வந்துவிட வேண்டும். ஆனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அவள் வீசுவதை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். முதல் மூன்று பந்தும் எங்கோ போயின. நானாக இருந்தால் நாலாவதைப் பயந்து பயந்து மெதுவாக உருட்டி விட்டிருப்பேன். அவள் இன்னும் வேகமாகச் சுற்றினாள். அது உள்ளே போயிற்று. மட்டையோடு நின்ற பெண் அசையவே இல்லை. சேரன் என் மடியில் எழுந்து நின்று, "போட்டோ அக்கா! போட்டோ அக்கா!" என்று கத்தினான்.

என் பக்கத்தில் கழுத்தில் விசிலோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் தாய் என்று தெரியாமல் என்னிடம் சொன்னார்கள்: "என்னா கை பாருங்க அந்தப் பொண்ணுக்கு! இந்த வயசுல இந்த வேகம் நான் பாத்ததில்ல. ஆனா ஒவ்வொரு பந்துக்கும் அவுங்க டீச்சர் மூஞ்சியப் பாக்குது." பிறகுதான் தெரிந்தது, அதுதான் உன் பிரிசில்லா. நீ எழுதுகிற அளவுக்கு மோசமில்லை.

அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். உண்மைதான். பந்தை விட்டதும் அது எங்கே போயிற்று என்று பார்ப்பதற்கு முன்னால் கோட்டுக்கு வெளியே நிற்கிற உன் முகத்தைப் பார்க்கிறாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். என்னை ஒரு முறையும் பார்க்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். அக்கா, தீபிகா விஷயத்தில் அவர் எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை. "ஒன் இஷ்டம், ஒங்க அக்கா இஷ்டம்" என்பதற்கு மேல் அவர் வாயைத் திறந்ததில்லை. பத்தாவது, வீட்டில் இருந்து படிப்பது எல்லாம் நான்தான். ஒரு பிள்ளையைப் பெறுவதற்காக இன்னொரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேனோ என்று மூன்று வருஷமாக எனக்குள் ஒரு அரிப்பு. அதை அவர் பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் பார்க்கிற முகம் உன்னுடையது. அதிலிருந்து அவளைப் பிடுங்கி எடுத்து எனக்கு என்ன கிடைக்கும்? பத்தாவதும் உன்னிடமே இருக்கட்டும். அதற்குப் பிறகும் அவள் விருப்பம். பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்ததும் அவள் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "நாளைக்கு ஞாயித்துக்கெழம, பிராக்டீஸ் உண்டான்னு பெரிம்மாவக் கேட்டுச் சொல்லும்மா. அது மூஞ்ச பாத்தா பயமா இருக்குது." இப்படிப்பட்டவளை மெத்தை முன்னால் நிறுத்தி நான் என்ன செய்யப் போகிறேன்?

மனம் நிறைந்துதான் எழுதுகிறேன். நீ சந்தோஷமாக இரு.

ஜோதி


மஞ்சக்குப்பம்
15-2-2009

அன்புள்ள ஜோதிக்கு,

மாப்பிள்ளைக்கும் சேரனுக்கும் என் அன்பு. உனக்கு அன்பு என்று எழுதினால் போதாது.

உன் கடிதத்தைத் தீபிகாவுக்குப் படித்துக் காட்டினேன், அரிப்பு என்று நீ எழுதிய இடத்தை விட்டுவிட்டு. குதித்தாள். சட்டி பானை உருள்கிற மாதிரி வீட்டைச் சுற்றி ஓடினாள். கொளஞ்சி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் வஞ்சிரம் வாங்கி வறுத்தோம். இருவருக்கும் அது ஒரு பண்டிகை மாதிரி இருந்தது.

ஆனால் பிரிசில்லா உன்னிடம் சொன்ன அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அவள் என்னிடம் கிண்டல் செய்தாள், உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் முட்டி வலி என்று சொல்லி நான் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் யாருக்கும் சொல்லாமல் போய், விளையாட்டுச் சாமான் அறையின் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். கொளஞ்சி கையுறையைக் காட்டிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். தீபிகா பத்துக்கு ஏழு போட்டாள். முழு வேகத்தில். வெளியே போன பந்தைப் பார்த்து, "இடுப்பு தொறந்துக்கிச்சு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அடுத்ததை உள்ளே போட்டாள். நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான். ஆனால் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாய் கொள்ளாத சந்தோஷத்தோடு வெளியே வந்தேன். "எங்க பெரிம்மா போயிட்டீங்க? நீங்க இல்லாம சப்புன்னு இருக்குது" என்றாள். இப்போ போடு, பார்க்கிறேன் என்று கொளஞ்சிக்குப் பின்னால் போய் நின்றேன். நாலு. ஒவ்வொரு பந்துக்கும் என் முகம். உள்ளே போனாலும் என் முகம், வெளியே போனாலும் என் முகம். நான் முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டதையும் படித்தாள். ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், நான் இருந்தால் நாலு, ஐந்து. இல்லாவிட்டால் ஆறு, ஏழு. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றும் பார்த்தேன். "ஏன் பெரிம்மா, எம்மேல கோவமா?" என்று பந்தைக் கீழே போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

கையுறையைக் கழற்றி வைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. முகத்தைக் கழற்றி எங்கே வைப்பேன்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, நான் இல்லாதது போல எத்தனை நாள் நடிக்க முடியும்? அவளுக்கு வேகம் வந்துவிட்டது, அது இனி போகாது. குறி வர வேண்டுமானால் யார் முகத்தை அவள் தேட மாட்டாளோ அப்படி ஒருத்தியிடம் இருக்க வேண்டும். பக்கத்தில் நின்றுகொண்டு, போனால் போனது, வந்தால் வந்தது என்று விசில் ஊதுகிறவளிடம். அப்படி ஒருத்தி உங்கள் ஊரில் இருக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஜூனில் தீபிகா உன்னிடம் வருகிறாள். பிரிசில்லாவின் பள்ளியில் பத்தாவது சேர்கிறாள். அவளிடம் போய்க் கேட்பதும் நான்தான். கிண்டல் செய்தால் கேட்டுக்கொள்வேன். மாப்பிள்ளை பெயரைச் சொல்லி என்னை மறுக்க இனி உன்னால் முடியாது.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தீபிகாவுக்கு ஏப்ரலில் முழுப் பரீட்சை முடிகிற வரை சொல்லவும் மாட்டேன். தெரிந்தால் படிக்க மாட்டாள். உனக்குத் தெரிந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், போனில் உன் குரலே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் இந்தக் கடிதத்தையும் கடைசிப் பரீட்சை அன்றுதான் தபாலில் சேர்ப்பேன். அதுவரை முட்டி வலி, தேர்வு வேலை, ஹெச்.எம். கூப்பிட்டார் என்று ஏதாவது சொல்லிக் காலையில் மைதானத்துக்குப் போகாமல் இருந்துகொள்வேன். அவள் அழுவாள். துரத்தி விடுகிறேன் என்பாள். நீயும் அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம், அழுது முடிக்கட்டும்.

பள்ளி திறக்கிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். முதல் நாள் பயிற்சிக்கும் நானே கூட்டிப் போகிறேன். கேட் வரைக்கும்தான். உள்ளே வரமாட்டேன்.

மங்கலம்